வாசலில் வாங்கி வைத்த பயம்

மழை பொய்த்த ஓர் ஆடி மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை, காலை ஏழேகால் மணிக்கு, பட்டாசு ஆலை வாசலில் வரிசையில் நின்ற கூடலிங்கம் ஒரு தும்மல் தும்மினான். தும்மலோடு அவனுடைய பயம் வெளியே வந்து உள்ளங்கையில் விழுந்தது.

முதலில் சளி என்று நினைத்து உதறப் போனான். கனம் தெரிந்ததும் நிறுத்திவிட்டுக் கையை விரித்தான். ஊறவைத்துத் தோலுரித்த பாதாம் பருப்பு மாதிரி இரண்டு இருந்தன, இடது மூக்கிலிருந்து ஒன்று, வலது மூக்கிலிருந்து ஒன்று, இளஞ்சூடாக, ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெடிமருந்து நிரப்புகிற செட்டுக் கொட்டகையில் வேலை பார்க்கும் சொர்ணம், "ஏப்பா கூடலிங்கம், நேத்து எந்த வீட்டுல பாயாசம் குடிச்ச? பருப்பு மூக்கு வழியா வருது" என்றாள். வரிசை சிரித்தது. கூடலிங்கமும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கையை என் பக்கம் நீட்டி, "அண்ணாச்சி, நீங்கதான் படிச்ச ஆளு, இது என்னன்னு பாருங்க" என்றான்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். பதினெட்டு வருஷமாக அந்த ஆலைக்கு ராக்காவல், பகலில் வாசல் அறையும் என் பொறுப்பில்தான். கண் அசந்துவிடக் கூடாது என்பதற்காகக் கையில் கிடைத்ததையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்ததில், பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டிருந்த, அட்டை கிழிந்த ஒரு வைத்தியப் புத்தகம் எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது, அதிலும் மண்டையைப் பிளந்து உள்ளே இருப்பதைக் காட்டியிருந்த அந்த ஏழு பக்கங்கள். அதனால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

"இது மூளைச் சாமான்டா" என்றேன்.

"ஒத்தச் சாமான்தானே மூளை? அதுல என்ன தனித்தனியா?"

சொன்னேன். நெற்றிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது ஃபோர்மேன், எது செய்யலாம் எது கூடாது என்று கணக்குப் பார்ப்பது அவர் வேலை. பிடரிக்கு மேலே சிறுமூளை, சைக்கிள் விடும்போது சாயாமல் பிடிப்பதும், பழகின வேலையைக் கை கால் தானாகச் செய்யவிடுவதும் அது. அதற்குக் கீழே தண்டுபோல முகுளம், என்னை மாதிரி ராக்காவல், நீ தூங்கினாலும் அது தூங்காமல் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருக்கும். காதுக்கு உள்பக்கம் கடல்குதிரை மாதிரி வளைந்து கிடப்பது குடோன், இன்று நடந்ததை நாளைக்கு இறக்கி வைக்கிற இடம். அந்தக் கடல்குதிரையின் மூக்கு நுனியில், பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டிக்கொண்டிருப்பது இந்தப் பருப்பு. பாம்பு என்று ஃபோர்மேன் கண்டுபிடித்துச் சொல்வதற்குள் காலைப் பின்னால் இழுக்க வைப்பது இது.

"இது உன் பயம்" என்றேன்.

"இம்புட்டுக்காண்டியா?" என்று கூடலிங்கம் உள்ளங்கையை உருட்டிப் பார்த்தான். "பன்னெண்டு வருசமா இதையா மண்டைக்குள்ள சுமந்தேன்?"

அவன் கலவைக்காரன். வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பொடியையும் சலித்து, தொட்டியில் போட்டு, கையால் கலக்குபவன். ஆலையில் மற்ற எல்லாரும் அவனுக்குப் பிறகுதான். அவன் கலந்து கொடுத்தால்தான் மற்றவர்களுக்கு நிரப்ப மருந்து. அவன் கை ஒரு தடவை கரடுமுரடாக உரசினால் நிரப்ப ஆள் இருக்காது. நாலாம் நம்பர் செட்டு அவனுடையது. அதற்குள் போகுமுன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டை மிதித்து உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்க வேண்டும், பருத்திச் சட்டைதான் போட வேண்டும், இரும்பு ஆகாது, மரக்கரண்டிதான். இதையெல்லாம் பன்னிரண்டு வருஷமாக அவன் ஒருநாளும் மறந்ததில்லை.

அந்த நேரம் ஃபோர்மேன் பெத்துராஜ் வந்தார். எங்கள் ஆலை வாசலில் ஒரு வழக்கம் உண்டு. என் அறைச் சுவரில் அறுபத்து மூன்று மாடங்கள் கொண்ட மர அலமாரி, மாடத்துக்கு ஒரு டோக்கன் நம்பர். ஆட்கள் உள்ளே போகுமுன் பீடி, தீப்பெட்டி, செல்போன், சாவிக்கொத்து, இடுப்பில் தொங்கும் இரும்புத் தாயத்து எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். உடம்போடு ஒட்டாத எந்தப் பொருளும் உள்ளே போகக் கூடாது என்று வாசலில் சிவப்பெழுத்தில் எழுதியிருக்கும்.

பெத்துராஜ் பருப்பைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உடம்போட ஒட்டியிருக்கா, ஒட்டலியா?"

"இப்போ ஒட்டல."

"அப்போ வாங்கி வைங்க. சட்டம்னா சட்டந்தான்."

நான் வாங்கினேன். மாத்திரை டப்பா ஒன்றைக் கழுவித் துடைத்து, அதில் போட்டு, நாற்பத்தோராம் நம்பர் மாடத்தில், பீடிக்கட்டுக்கும் தீப்பெட்டிக்கும் நடுவில் வைத்தேன். உள்ளே கொண்டுபோகக் கூடாத சாமான்களோடு சாமானாக, ஒரு மருந்து கலக்குகிறவனுடைய பயத்தை நான்தான் என் கையால் வைத்தேன். இதை யார்மேலும் சுமத்த எனக்கு வழியில்லை.

சாயங்காலம் பீடியையும் போனையும் எடுத்துக்கொண்டு போனவன் டப்பாவை எடுக்கவில்லை. "இருக்கட்டும் அண்ணாச்சி, அது இல்லாம தலை லேசா இருக்கு" என்றான்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது பேர் தும்மினார்கள். புதன்கிழமை முப்பது பேர். வியாழக்கிழமை காலை நான் தும்மினேன். என்னுடையது மற்றவர்களுடையதைவிடச் சின்னதாக, சுருங்கின மாதிரி இருந்தது. அதையும் ஒரு டப்பாவில் போட்டு என் மேஜை டிராயரில் வைத்தேன். அந்த வாரம் முடிவதற்குள் ஆலை முழுக்க, ஆலையிலிருந்து ஊர் முழுக்க, டீக்கடையில், பஸ்ஸில், பள்ளிக்கூடப் பிரார்த்தனை வரிசையில், கல்யாண வீட்டுப் பந்தியில் என்று எல்லாரும் தும்மி முடித்துவிட்டார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு உள்ளே இருக்க வேண்டியது வெளியே இருந்தது. சுகாதார நிலையத்து டாக்டரம்மா தன்னுடையதை ஊசி மருந்துக் குப்பியில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் காலி டப்பா எழுதிக் கொடுத்தார். சில வீடுகளில் அதைச் சாமி படத்தின் பின்னால் வைத்தார்கள், சில வீடுகளில் அஞ்சறைப் பெட்டியில் ஒரு அறையை ஒழித்து வைத்தார்கள். ஒரு வீட்டில் தெரியாமல் பொங்கலில் போட்டுவிட்டதாகவும், சாப்பிட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் பேச்சு.

நல்லதும் நடந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பதினாறு வருஷம் புருஷனிடம் அடி வாங்கின சொர்ணம், ஒரு சாயங்காலம் ஓங்கின கையைப் பிடித்து நிறுத்தி, "அடிச்சு முடிச்சதும் சொல்லு, சோறு வடிக்கணும்" என்று சாதாரணமாகச் சொன்னாள். அவன் கை அதற்குப் பிறகு எழும்பவே இல்லை, அடி என்பது வாங்குகிறவர் பாதி வேலையைச் செய்தால்தான் நடக்கும் போலிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள், தெரியாததைத் தெரியாது என்று வாத்தியார் சொன்னார். பேய்ப் புளியமரத்தில் நாற்பது வருஷமாக யாரும் தொடாத புளியை ஒரே நாளில் உலுக்கி எடுத்தார்கள். எல்லைச் சாமி கோயில் பூசாரி, அருவாளை நிமிர்த்திப் பிடித்து நிற்கிற சாமியின் காலடியில் பாயைப் போட்டுப் பகலில் குறட்டை விட்டார். ஆலையில் ஒருநாள் வேலை அரைநாளில் முடிந்தது.

பிறகு இருளப்பன் நிரப்புகிற செட்டுக்குள் வந்த கட்டுவிரியனை வாலைப் பிடித்துத் தூக்கி வெளியே விட்டான். விடும்போது கடித்தது. "இந்தாருங்க, ரெண்டு பல்லு" என்று எல்லாரிடமும் கையைக் காட்டிக்கொண்டே மத்தியானம் வரைக்கும் வேலை பார்த்தான். மத்தியானத்துக்குப் பிறகு கண் இமை தானாக மூடியபோதுதான் வண்டி வைத்துக் கொண்டுபோனோம். வழியிலேயே போய்விட்டான். சாவு வீட்டில் எல்லாரும் அழுதார்கள், துக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுநாள் காலையில் அதே செட்டில், அந்தப் பாம்பு புகுந்த அதே ஓட்டையை அடைக்காமல், அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பினார்கள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கென்றால் நானே ஓடிப்போய் அந்த ஓட்டையை மண்ணால் அடைத்திருப்பேன். அன்றைக்கு, அடடா, நல்ல பையன் என்று மட்டும் தோன்றியது.

ஊரில் தும்மாதவள் ஒருத்திதான், கூடலிங்கத்தின் பெண்டாட்டி குருவம்மா. ஆலையில் லேபிள் ஒட்டுகிற வேலை அவளுக்கு. தும்மல் அவளுக்கும் வந்தது, புதன்கிழமை, வரிசையில் நிற்கும்போது. முந்தானையால் மூக்கை இறுக்கிப் பிடித்து, முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறி, கண்ணில் தண்ணீர் வர அதை அப்படியே உள்ளே விழுங்கினாள். பிறகு நாள் முழுக்க முந்தானை மூக்கிலேயே இருந்தது.

"என்ன மதினி, புதையலா காக்குறீங்க?" என்று கேலி செய்தாள் சொர்ணம். "தும்மிட்டு வாங்க, காத்தாட இருக்கும்."

"எங்கக்காவை மூக்குத்திய வச்சுத்தான் அடையாளம் பாத்தோம்" என்றாள் குருவம்மா. "ஏழாம் நம்பர் செட்டு வெடிச்சப்போ. அன்னைக்கு வந்த பயம் இது. இதை நான் தும்ம மாட்டேன்."

அன்றிலிருந்து அவளுக்குப் பருப்புக்காரி என்று பெயர் வந்தது. கூடலிங்கமே வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டான். கேலிதான், கோபம் ஒன்றும் இல்லை. அவன் முன்னைவிடச் சந்தோஷமாக இருந்தான், அதிகம் சாப்பிட்டான், மகளைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தான். ஆனால் அவன் செம்புத் தகட்டைத் தாண்டி உள்ளே போவதை அவள் பார்த்தாள். நைலக்ஸ் சட்டை போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்தாள். தொட்டியில் ஒட்டின மருந்தை இரும்புக் கரண்டியால் அவன் சுரண்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ஓடிப்போய்க் கரண்டியைப் பிடுங்கி எறிந்தாள். பெத்துராஜிடம் போய்ச் சொன்னாள். அவர், "வேலை வேகமா நடக்குதும்மா" என்றார். ஆய்வுக்கு வந்த அதிகாரியின் காரை மறித்துச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன்னுடைய ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்று எடுத்துக் காட்டினார். அவருடைய சட்டைப் பையிலும் ஒரு டப்பா இருந்தது.

ஒரு காலையில் என் அறைக்கு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, உங்க புத்தகத்துல ஒண்ணு பாத்துச் சொல்லணும். நேத்துச் சாயங்காலம் பிள்ளை கிணத்துச் சுவருமேல ஏறி நடக்கா. இவுக பக்கத்துல உக்காந்து முறுக்குத் திங்காக. நான் கத்திக்கிட்டே ஓடியாரேன், பிள்ளையத் தூக்கிட்டு இவுகளப் பாக்கேன். என் மூஞ்சியப் பாத்துட்டு என்ன சொன்னாக தெரியுமா? கொட்டாவி விட்டா வாயைக் கையால பொத்துன்னு சொல்லுதாக."

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். இருந்தது. அந்தப் பருப்பு நம் பயத்துக்கு மட்டும் இல்லை, அடுத்தவர் முகத்தில் இருக்கிற பயத்தைப் படிப்பதற்கும் அதுதான். அது போய்விட்டால் ஒரு முகம் மிரண்டிருக்கிறதா என்பதே கண்ணுக்குப் பிடிபடாது. வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் பெரிதாகி, புருவம் ஏறி, வாய் கொஞ்சம் திறந்து.

"உங்களுக்குத் தெரியுதா அண்ணாச்சி?"

"என்னது தாயி?"

"ஒண்ணுமில்ல" என்றாள். "திரும்ப உள்ள வைக்கிறது எப்படின்னு போட்டிருக்கா?"

அப்படி ஒன்றும் போடவில்லை. ஆனால் மற்ற எந்தப் புலனையும்விட வாசனைக்குத்தான் அந்த இடத்துக்குக் குறுக்கு வழி என்று போட்டிருந்தது. அதனால் மூக்கில் வைத்து இழுத்தால் போகுமாயிருக்கும் என்று சொன்னேன். அவள் நாற்பத்தோராம் மாடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கூடலிங்கம் அதற்குச் சம்மதிக்க மாட்டான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. ஒரு மாதம் பாரம் இல்லாமல் நடந்தவன், யார் சொன்னாலும் குனிந்து மூட்டையை வாங்க மாட்டான்.

ஆவணி மூன்றாவது சனிக்கிழமை, தீபாவளிச் சரக்கு நெருக்கத்தில், ஒரு காரியம் நடந்தது. வேலை முடியும்போது தொட்டியில் மருந்து மீந்தால், கலவைக்காரன் அதை அள்ளிக்கொண்டுபோய்த் தள்ளியிருக்கும் பள்ளத்தில் பரப்பி எரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஈரம் பட்ட அலுமினியப் பொடியைச் சும்மா மூடி வைத்தால் அது உள்ளுக்குள்ளேயே புழுங்கிப் புழுங்கிச் சூடேறும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். கூடலிங்கத்துக்கும் தெரியும். மறந்துபோகவில்லை, குடோன் சரியாகத்தான் இருந்தது. தெரிந்தது, ஆனால் தெரிந்தது உறுத்தவில்லை. அரைத் தொட்டி மருந்தை நனைந்த சாக்கால் மூடிவிட்டு, செட்டைப் பூட்டிவிட்டு, மகளுக்கு வளையல் வாங்கப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சாரல் அடித்தது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நான் கடைசிச் சுற்று வந்தபோது நாலாம் நம்பர் செட்டிலிருந்து வாடை வந்தது, மூக்கை அறுக்கிற, மூத்திரச் சந்து மாதிரி ஒரு வாடை. ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து ஆவி பிரிந்துகொண்டிருந்தது. நான் நின்று பார்த்தேன். அறைக்கு வந்து நோட்டில், நாலாம் நம்பரில் வாடை, ஆவி, என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஃபிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக் குடித்தேன். அந்த வரி இப்போதும் அந்த நோட்டில் இருக்கிறது. கையெழுத்தில் ஒரு நடுக்கம் கிடையாது.

ஏழேகாலுக்கு ஆட்கள் வந்தார்கள். கலவைக்காரன் எப்போதும் முதல் ஆள். பீடியையும் போனையும் கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி, டீ வாசம் வருதே" என்று சிரித்துவிட்டு அவன் உள்ளே போனான். அவன் பின்னால் மற்றவர்கள் போனார்கள். குருவம்மா பிள்ளையைப் பால்வாடியில் விட்டுவிட்டுக் கடைசியாக வந்தாள். கேட்டைத் தாண்டிப் பத்தடி போனவளுக்குக் காற்று திரும்பியது. நின்றாள். மூக்கைத் தூக்கினாள். ஆவி வருகிற ஜன்னலையும், அந்தச் செட்டுக்குள் நடமாடுகிற புருஷனின் தலையையும் பார்த்தாள்.

அவள் கத்தினாள். அந்தச் சத்தத்துக்கு வேலிமேல் இருந்த காக்கை அத்தனையும் எழும்பின. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள், வாயைத் திறந்துகொண்டு நிற்கிற ஒரு பெண்ணைப் பார்த்தார்கள், அவரவர் செட்டைப் பார்த்து நடந்தார்கள். "மருந்து புழுங்குது! வெளிய வாங்க!" என்றாள். "அப்படியா மதினி" என்றாள் சொர்ணம், நடந்துகொண்டே. குருவம்மா சுழன்று என் அறைக்குள் ஓடிவந்தாள்.

"என்ன தாயி, பல்வலியா?" என்றேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன்.

அவள் டிராயரை இழுத்தாள், டப்பாவைத் திறந்தாள், ஒரு கையால் என் வாயைப் பொத்திச் சுவரோடு தலையைச் சேர்த்து அழுத்தி, மறு கையால் அந்தப் பருப்பு இரண்டையும் என் மூக்கில் திணித்தாள். மூச்சுத் திணறி இழுத்தேன்.

அஞ்சு வாரத்துப் பயமும் ஒரே இழுப்பில் வந்தது. இருளப்பன் நீட்டின கை வந்தது. கிணற்றுச் சுவரில் நடந்த, நான் கண்ணால் பார்க்காத அந்தப் பிள்ளையின் பாதம் வந்தது. ஆறு மணிக்கு நான் எழுதின வரி எழுத்தெழுத்தாக வந்தது. என் தொடை நனைந்துவிட்டது. நிமிர்ந்தபோது முதலில் தெரிந்தது குருவம்மாவின் முகம், ஒரு மாதமாக என் முன்னால் வந்து வந்து நின்ற முகம், அதில் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்; ஒரு உயிருள்ள முகம் அதற்குமேல் தாங்காது என்கிற அளவுக்கு இருந்தது.

"சங்கை ஊதுங்க!" என்றாள்.

கை அபாயச் சங்கு ஸ்விட்சுக்குப் போனது, பாதியில் நின்றது. சங்கு கேட்டால் ஓட வைப்பது எதுவோ, அது அத்தனை பேருக்கும் அந்த அலமாரியில் டப்பா டப்பாவாக இருந்தது. அப்போது என் மண்டையில் அந்த ஏழு பக்கம் விரிந்தது. பயம்தான் வெளியே, சிறுமூளை உள்ளேதானே இருக்கிறது? பழகின காலை நடத்துவது அதுதானே? நான் சுவரில் தொங்கின தண்டவாளத் துண்டில், தினமும் அடிக்கிற டீ மணியை அடித்தேன், ரெண்டு குட்டை, ஒரு நெட்டை, ரெண்டு குட்டை, ஒரு நெட்டை.

மணி ஏழரை. டீ நேரம் பத்தரை. ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அறுபது ஜோடிக் காலும் அந்தந்த இடத்தில் நின்று, திரும்பி, கை கழுவக்கூட நினைக்காமல் கேட்டைப் பார்த்து நடந்து வந்தன. தலைகள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தன, கால்கள் டீக்கு வந்தன. பெத்துராஜும் கிளாஸோடு வந்தார். நான் தேய்ந்துபோன இரும்பை அடித்துக்கொண்டே எண்ணினேன். எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒருத்தன் குறைவது உறைத்தது.

கலவைக்காரன் டீ மணிக்கு உடனே வர மாட்டான். தொட்டியைச் சாக்கால் மூடி, ஓரம் ஓரமாக அழுத்தி, கை கழுவிவிட்டு வருவதுதான் அவனுக்குப் பழக்கம். நான் அடித்த மணி அறுபது பேரை வெளியே நடத்தியது, அவன் ஒருத்தனை நேராகத் தொட்டியின்மேல் கொண்டுபோய்க் குனிய வைத்தது.

குருவம்மாவுக்கு அது எனக்கு முன்பே தெரிந்திருந்தது. அவள் எதிரே வருகிற கூட்டத்தைத் தோளால் பிளந்துகொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் ஓடினேன், எதற்கு என்று தெரியாமலே நாற்பத்தோராம் மாடத்து டப்பாவை எடுத்துக்கொண்டு. செட்டு வாசலில் அவள் நின்றாள். உள்ளே கூடலிங்கம் சாக்கின் ஓரத்தைத் தடவித் தடவி அழுத்திக்கொண்டிருந்தான். சாக்கு மூச்சு விடுகிற வயிறு மாதிரி எழும்பி எழும்பித் தாழ்ந்தது.

"இந்தாங்க, வெளிய வாங்க" என்றாள்.

"மூடிட்டு வாரேன்."

"இப்பவே வாங்க, வெடிக்கப்போகுது."

"வெடிக்கட்டும், இந்தா, ஒரு ஓரந்தான் பாக்கி." அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தான், அவள் முகத்தை, ஒரு மூடின கதவைப் பார்ப்பதுபோல. திரும்பிக் குனிந்துகொண்டான்.

அப்போது அவள் செய்ததை நான் மூன்று கெஜ தூரத்திலிருந்து பார்த்தேன். முந்தானையை எடுத்து முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் ஒரு தடவை துடைத்தாள், கரும்பலகையைத் துடைப்பதுபோல. துடைத்த இடத்தில் ஒரு சிரிப்பை வைத்தாள். எங்கிருந்து எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. பொண்ணு பார்க்க வந்த அன்றைக்குச் சிரித்திருப்பாளே, அந்த மாதிரி, கன்னம் குழிந்து, கண் சுருங்கி, உதட்டைக் கடித்து அடக்கியும் அடங்காத சிரிப்பு. நிலைப்படியில் சாய்ந்து, தலையை ஒரு பக்கம் சரித்து, குரலைக் குழைத்து, "ஏங்க... ஒரு சேதி சொல்லணும். காதுலதான் சொல்லுவேன். இங்க வாங்களேன்" என்றாள்.

கூடலிங்கம் நிமிர்ந்தான். அந்த முகம் அவனுக்குப் புரிந்தது. அவன் முகத்திலும் சிரிப்பு வந்தது. "என்னடி பருப்புக்காரி, காலங்காத்தால" என்று சாக்கைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான்.

அவள் முகத்தைத் திருப்பாமல் பின்னோக்கி நடந்தாள். அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, ஒரு விரலை மடக்கி மடக்கிக் கூப்பிட்டுக்கொண்டே, ஓடாமல், ஓடினால் சிரிப்பு கலைந்துவிடும் என்று ஓடாமல், குதிகாலால் தரையைத் தடவித் தடவிப் பின்னால் நடந்தாள். அவன் தோளுக்கு மேலே அந்த ஜன்னல் அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. பத்தடி. "சொல்லுடி." "இன்னும் கொஞ்சம் வாங்க." இருபதடி. "அண்ணாச்சி நிக்காரு பாரு, வெக்கமில்லாம." "நிக்கட்டும், வாங்க." முப்பதடிக்கு வந்ததும் மண்மேட்டுக்குப் பின்னால் அவன் கையைப் பிடித்து இழுத்தாள், நாலாம் நம்பர் செட்டு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சூரியன் உதித்தது.

ஓடும் செங்கலும் விழுந்து முடிய வெகுநேரம் ஆனது. அவர்களோடு கூடவே நகர்ந்து வந்திருந்த நான், மண்மேட்டுக்குப் பின்னால் முகம் புதைத்துக் கிடந்தேன். தலையைத் தூக்கியபோது கேட்டருகே அறுபது பேரும் கிளாஸோடு வரிசையாக நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் ஒன்றும் இல்லை. பெத்துராஜ் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு, "வெள்ளை நல்லா ஏறியிருக்கு" என்றார். "ஆமா, புகைதான் கொஞ்சம் சாஸ்தி" என்றாள் சொர்ணம். அதைப்போல ஒன்றை என் காது இதுவரை கேட்டதில்லை, இனியும் கேட்காமல் இருக்க வேண்டும்.

கூடலிங்கத்தின் சட்டை முதுகில் கருகி ஒட்டியிருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. காதைக் குடைந்துகொண்டு, "என்ன சேதின்னு சொல்லு" என்று குருவம்மாவைக் கேட்டான்.

அவள் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் கையை நீட்டினாள். டப்பாவைக் கொடுத்தேன்.

"இதை மோந்து பாருங்க. அதுதான் சேதி."

அந்தச் சிரிப்பைப் பார்த்து யார் மறுப்பார்கள்? அவனும் சிரித்துக்கொண்டே குனிந்து, நன்றாக இழுத்து மோந்தான்.

முதலில் அவன் கண் அசையாமல் நின்றது. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தான். செட்டு இருந்த பக்கம் அவன் பார்க்கவில்லை, கருகின முதுகைத் தொடவில்லை. எதிரே இருந்த அவள் முகத்தைத்தான் பார்த்தான், கன்னம் குழிந்து, கண் சுருங்கி, உதடு விரிந்திருந்த அந்த முகத்தை, அதற்குப் பின்னால் இருந்ததை. பார்க்கப் பார்க்க அவன் வாய் திறந்தது. சத்தம் வர நேரம் ஆனது. வந்தபோது கேட்டருகே நின்ற அறுபது பேரும், யாருக்கோ கொட்டாவி வருகிறது என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் அலறிக்கொண்டே தவழ்ந்துபோய் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தான். அவள் உதட்டின் இரு ஓரத்தையும் கட்டைவிரலால் கீழே இறக்கிப் பார்த்தான். விரலை எடுத்ததும் அவை மேலே ஏறிக்கொண்டன. திரும்ப இறக்கினான். "போதும்டி" என்றான். "போதும், நான் வந்துட்டேன், போதும்." அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி, அந்தச் சிரிப்பின் குழிகளில் தேங்கி, அவன் கையில் வழிந்தது. உதடுகள் மட்டும் இறங்கவில்லை.